கிழமை சொல்கிறவன்

ஆந்திரத்தின் ராமகுப்பத்தில் குப்பம் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குப் பொழுதைப் போக்க அதிகம் வழியில்லை. டீ குடிக்கலாம். தக்காளி விலையை ஏசலாம். இரண்டும் முடிந்துவிட்டால் அவனிடம் தேதி கேட்கலாம்.

டீக்கடைத் தூணை ஒட்டி நிற்கிறான். பெஞ்சில் இடமிருந்தாலும் உட்காருவதில்லை. கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்ட பேன்ட், வழிய வழிய எண்ணெய் வைத்து யாரோ சீவிவிட்ட தலை. வயது இருபத்தைந்தா முப்பத்தைந்தா என்று அந்த முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. எதிரே பூட்டிக் கிடக்கும் உரக்கடை ஷட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். வலது கை விரல்கள் தொடையில் ஓயாமல் தட்டுகின்றன. ஊருக்கு அவன் பெயர் காலண்டர்.

பைக்கை ஸ்டாண்டு போடாமலேயே காலை ஊன்றிக்கொண்டு ஒரு பையன் கேட்கிறான்.

"டேய் காலண்டர், எங்கண்ணன் பொறந்த தேதி. தொண்ணூத்தெட்டு, ஜூன் பதினாலு."

"ஞாயித்துக்கெழம."

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு வாய் டீ குடிக்க நேரமில்லை. பையன் செல்போனை எடுத்துத் தேய்க்கிறான். வருஷத்தைப் பிடித்து, மாதத்தைப் பிடித்து, கடைசியில் தேதியைப் பிடிக்கிறான். "கரெக்ட்டுடா!" பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. உடனே ஒரு லாரி டிரைவர் தெலுங்கில் ஆரம்பிக்கிறார். "எனபை ஐது, மார்ச்சி ஆறு?"

"புதவாரம்."

எந்தப் பாஷையில் கேள்வியோ அந்தப் பாஷையில் பதில். வெளியூர்க்காரன் வாய் பிளக்கலாம், இங்கே யாரும் பிளப்பதில்லை. ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகம். மூன்று பாஷையும் கலந்துதான் இங்கே மாடு மேய்க்கிறார்கள், வட்டி கேட்கிறார்கள், சண்டை போடுகிறார்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை. பார்ப்பதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டவர்கள் பதிலை என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறேன். பையன் தன் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மார்ச் ஆறில் லாரிக்காரருக்கு என்ன நடந்தது, கல்யாணமா, சாவா, தெரியவில்லை. பதில் வந்ததுமே பதிலைக் கீழே போட்டுவிடுகிறார்கள். புதன்கிழமையை வைத்துக்கொண்டு அவர்களுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அவன் தப்புவானா, மாட்டானா? அது தெரிந்தால் போதும்.

"சுதந்திரம் வந்த நாளு சொல்லு பாப்பம்" என்று ஒரு பெரியவர் பரீட்சையைக் கடினமாக்குகிறார். விரல்கள் சற்றுக் கூடுதலாகத் தட்டுகின்றன. "வெள்ளி." பெரியவருக்கே அது தெரியாது. அவரும் பையனின் செல்போனைத்தான் எட்டிப் பார்க்கிறார்.

அந்தக் கூடுதல் தட்டலைக் கவனிக்காமல் விடக் கூடாது. 1980-களில் லண்டனில் பெயாட்டே ஹெர்மெலின், நீல் ஓ'கானர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இப்படிக் கிழமை சொல்கிறவர்களை உட்காரவைத்து, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். வருஷம் தள்ளிப் போகப் போக நேரம் கூடியது. மண்டைக்குள் எல்லாக் காலண்டரும் போட்டோவாக இருந்தால் அப்படிக் கூட வேண்டியதில்லை. உள்ளே ஏதோ கணக்கு ஓடுகிறது. அது எப்படி என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நமக்கும்தான், சைக்கிள் எப்படிக் கீழே விழாமல் போகிறது என்று சொல்லத் தெரியாது.

கணக்கும் பயப்படுகிற அளவுக்குப் பெரியதில்லை. ஜனவரி ஒன்று ஏழு கிழமைகளில் ஏதாவதொன்றில்தான் விழ முடியும். வருஷம் லீப்பாக இருக்கும், அல்லது இருக்காது. ஆக உலகத்தில் இருப்பதே மொத்தம் பதினான்கு காலண்டர்கள். 28 வருஷத்துக்கு ஒருமுறை அதே வரிசை திரும்பி வரும். 1996-ன் காலண்டரைப் பத்திரமாக வைத்திருந்தால் 2024-ல் ஆணியடித்து மாட்டியிருக்கலாம். 1900 லீப் இல்லை, 2000 லீப். 2100 மறுபடி இல்லை. அங்கேதான் இந்த ஓட்டம் தடுக்கும். ஜான் கான்வே என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1973-ல் இதற்கு ஒரு குறுக்குவழியே செய்து வைத்தார். எந்த வருஷத்தை எடுத்தாலும் ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, அக்டோபர் 10, டிசம்பர் 12 ஐந்தும் ஒரே கிழமை. சித்தூர் மாவட்டத்தை உடைத்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கிய 2022 ஏப்ரல் 4 திங்கட்கிழமை என்பது நினைவிருந்தால், அந்த வருஷத்தில் பாதியைப் பிடித்துவிடலாம். கான்வே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவரை யாரும் டேய் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இந்த மண்ணிலேயே இதற்கு வேறொரு முகம் உண்டு. தெலுங்கு தேசத்தில் அஷ்டாவதானம் என்றால் மேடை, மாலை, பொன்னாடை. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ஒருவர் செய்யுளுக்கு அடி கொடுப்பார், ஒருவர் மணியடித்து எண்ணச் சொல்வார், ஒருவர் வேண்டுமென்றே வம்பளப்பார். சில அவதானங்களில் எட்டில் ஒன்றாக வாரகணனமும் இருக்கும். தேதியைச் சொன்னால் அவதானி கிழமையைச் சொல்ல வேண்டும். தமிழிலும் அந்த மரபு இருந்தது. செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்தார், அந்தப் பட்டமே பெயரோடு ஒட்டிக்கொண்டது. அங்கேயும் சோதனைதான். ஆனால் அவதானி சோதனைக்கு ஒப்புக்கொண்டு மேடை ஏறுகிறவர். சபைக்கு ஒரு மரியாதை, கேட்பவருக்குப் பிருச்சகர் என்று ஒரு பெயர். டீக்கடையில் அதெல்லாம் கிடையாது. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

எங்கேயும் இந்தக் கதை சோதனையில்தான் தொடங்குகிறது. மருத்துவ நூல்கள் இந்த வரிசையின் தொடக்கத்தில் வைப்பவர்களில் ஒருவர் தாமஸ் ஃபுல்லர் என்ற கிழவர். ஆப்பிரிக்காவில் பிறந்து, பிள்ளைப் பருவத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். எழுத்து ஒன்றும் தெரியாது. அவர் கணக்குப் போடுவதைக் கேள்விப்பட்டு பென்சில்வேனியாவிலிருந்து கனவான்கள் பார்க்க வந்தார்கள். எழுபது வருஷம், பதினேழு நாள், பன்னிரண்டு மணி நேரம் வாழ்ந்த மனிதன் எத்தனை விநாடி வாழ்ந்திருப்பான் என்று கேட்டார்கள். ஒன்றரை நிமிஷத்தில் 221 கோடியே 5 லட்சத்து 800 என்றார் ஃபுல்லர். காகிதத்தில் போட்டுப் பார்த்த கனவான் தப்பு என்றார், அவருக்கு வந்தது அதைவிடக் குறைவு. லீப் வருஷங்களை விட்டுவிட்டீர்களே எஜமான் என்றார் கிழவர். கூட்டிப் பார்த்தால் கிழவர் சொன்னதுதான் சரி. பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர் 1780-களின் கடைசியில் இதை எழுதி வைத்தார். ஃபுல்லருக்கு மூளையில் ஏதாவது குறை இருந்தது என்பதற்குச் சான்று எதுவும் எனக்குத் தென்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அடிமை இவ்வளவு கணக்குப் போட்டால் அது மருத்துவப் புத்தகத்துக்குள் போக வேண்டிய விஷயமாக அவர்களுக்குப் பட்டிருக்கிறது. பிறகு அதே நாட்டில் தாமஸ் விக்கின்ஸ் என்ற பார்வையற்ற பிள்ளை வந்தார். யார் வேண்டுமானாலும் மேடையேறி ஒரு பாட்டை பியானோவில் வாசிக்கலாம், ஒருமுறை கேட்டதைத் திருப்பி வாசிப்பார். ஊர் ஊராகக் கூட்டிப் போய் அரங்கு நிறைத்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் அந்தக் காசு பழைய எஜமான் வீட்டுக்குத்தான் போயிற்று.

டீக்கடையில் காசு வசூல் இல்லை. சரியாகச் சொன்னால் ஒரு டீ. இப்போதும் யாரோ சொல்லியிருக்கிறார்கள், கடைக்காரர் நீட்டுகிறார். அவன் வாங்கி, ஆறும்வரை காத்திருந்து, ஒரே மடக்கில் குடிக்கிறான்.

ஒரு பாட்டி வருகிறாள். கையில் மருந்துப் பை. பெஞ்சில் இருப்பவர்களைப் பார்க்காமல் நேராக அவனிடம் போகிறாள்.

"ஏம்ப்பா, வர்ற ஒண்ணாந்தேதி என்னா கெழம?"

"ஞாயிறு."

"அப்ப முந்தின நாளே குடுத்துடுவாங்களா?"

"குடுத்துடுவாங்க. சனிக்கெழம. காலையில."

பாட்டி தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுகிறாள். செல்போனும் இல்லை, கரெக்ட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. பெஞ்சுக்காரர்கள் இதைக் கவனிக்கவே இல்லை.

ஆந்திரத்தில் பென்ஷன் ஒன்றாம் தேதி காலையில் வீட்டுக்கே வரும். சச்சிவாலயம் என்கிற கிராம அலுவலகத்து ஊழியர் வாசலில் நின்று கைரேகை வாங்கிக்கொண்டு எண்ணிக் கொடுப்பார். 2024 ஜூலையிலிருந்து முதியோருக்கு 4,000 ரூபாய், உடல், மனக் குறை உள்ளவர்களுக்கு 6,000. ஒன்றாம் தேதி ஞாயிறானால் முந்தின நாளே வரும். அந்த வருஷம் செப்டம்பர் ஒன்று ஞாயிறானதால் ஆகஸ்ட் 31-லேயே கொடுத்தார்கள், டிசம்பருக்கு உண்டானது நவம்பர் 30-ல் வந்தது. அன்றைக்கு வீட்டில் இல்லாமல் மகள் ஊருக்குப் போய்விட்டால் பாட்டிக்குத்தான் அலைச்சல். அவளுக்கு வேண்டியது சனிக்கிழமை. அதை வாங்கிக்கொண்டு போனாள்.

இந்த வித்தை உள்ளவர்களைப் பற்றி உலகத்துக்குச் சொன்னது 1988-ல் வந்த 'ரெயின் மேன்' படம். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலானவர் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த கிம் பீக். படத்தில் ஆட்டிசம், கிம்முக்கு இருந்தது வேறு. மூளையின் இரண்டு பாதியையும் இணைக்கும் நரம்புப் பட்டை அவருக்குப் பிறவியிலேயே இல்லை. ஒரு கண்ணால் ஒரு பக்கம், மறு கண்ணால் எதிர்ப் பக்கம் என்று புத்தகத்தைப் படிப்பார். சுமார் 12,000 புத்தகம் மனத்தில் இருந்தது என்பார்கள். சட்டைப் பொத்தானைப் போட அப்பா வேண்டும். படத்துக்குக் கதை எழுதிய பேரி மாரோ தன் ஆஸ்கர் சிலையைக் கிம்மிடம் கொடுத்துவைத்தார். கிம் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார், அரங்கில் இருந்தவர்கள் பிறந்த தேதியைச் சொல்ல, கிழமையைச் சொன்னார். 2009-ல் இறக்கும்வரை இதுதான்.

இங்கே நான் கொஞ்சம் தயங்குகிறேன். சோதனை செய்கிறவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் ஆட்களின் முகத்தைப் பார்க்கவே கூசிக்கொண்டிருந்த கிம், அந்தப் பயணங்களில்தான் ஆட்களோடு பழகக் கற்றுக்கொண்டார் என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். டீக்கடையில் நிற்கிறவனும் யாரும் இழுத்து வந்து நிற்பவனில்லை. பஸ் வரும் நேரத்துக்கு அவனாக வருகிறான். கேள்வி வராத நேரத்தில் தூணைவிட்டு ஓரடி முன்னால் வந்து நிற்கிறான். கேள்வி வந்ததும் பின்னால் போகிறான். இதையும் பார்த்தேன்.

படம் செய்த கெடுதல் வேறு. குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், "அப்ப இவனுக்கு ஏதாச்சும் பெரிய திறமை இருக்கணுமே" என்கிறார்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். 1978-ல் அமெரிக்காவின் பெர்னார்ட் ரிம்லேண்ட் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரிடம் விசாரித்தபோது, பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இப்படி ஏதோ ஒன்று இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வித்தை ஒன்றும் கிடையாது. அந்த அம்மாக்கள் சொந்தக்காரருக்கு என்ன பதில் சொல்வார்கள்? பையனே போதாதா, வித்தையும் வேண்டுமா?

வித்தை என்று சொல்வதே உழைப்பை மறைத்துவிடுகிறது. 2022 மார்ச் 20 அன்று, பதின்மூன்று வயது ஜியா ராய் தலைமன்னாரில் கடலில் இறங்கி தனுஷ்கோடியில் கரையேறினார். 29 கிலோமீட்டர், 13 மணி 10 நிமிஷம். மும்பைப் பெண், அப்பா கடற்படைக்காரர், அவருக்கு ஆட்டிசம் உண்டு. சிகிச்சைக்கென்று தொடங்கிய நீச்சல் அது. 2024-ல் இங்கிலீஷ் கால்வாயையும் கடந்துவிட்டார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை வருஷப் பயிற்சி என்றும் சேர்த்தே பேசுகிறார்கள். கிழமை சொல்கிறவனுக்கு மட்டும் அது வானத்திலிருந்து விழுந்ததாம்.

அவனுக்கும் பயிற்சி உண்டு என்பது அவனுடைய அம்மா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் சொல்லவில்லை, டீக்கடைக்காரர் மனைவியிடம் சொல்கிறாள். முந்தானையில் மல்பெரி இலைத் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. புழுக் கொட்டகையில் கூலி வேலை.

"சின்னப் புள்ளயில காலண்டர் தாளக் கிழிச்சாப் போதும், உருண்டு பொரண்டு அழுவான்க்கா. கிழிச்சதெல்லாம் பொறுக்கி வெச்சிருக்கான். ரெண்டு மூட்ட. ராவு பகலா அத வெச்சிக்கினு அடுக்குவான், கலைப்பான், அடுக்குவான். பள்ளிக்கொடத்துல ஒரு மாசம் வெச்சிருந்தாங்க, அப்புறம் வேணாம்னுட்டாங்க."

"சதரம் ஆச்சா?" என்கிறாள் கடைக்கார அம்மா.

ஆந்திரத்தில் ஊனச் சான்றிதழைச் சதரம் என்பார்கள். டாக்டர் பார்த்து, நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் எழுதினால்தான் பென்ஷன். 2016-ம் வருஷச் சட்டம் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு உட்பட 21 வகைகளைச் சொல்கிறது. இவனுக்கு அதில் எது என்று இந்த டீக்கடையில் யாருக்கும் தெரியாது. சின்னதிலிருந்து அப்படித்தான், அவ்வளவுதான் ஊர் சொல்வது.

"மறுபடி பாக்கணும்னு சொல்லிக்கிறாங்க. அங்க போனா வாயத் தொறக்காதடான்னு இப்பவே சொல்லி வெச்சிருக்கேன். கெழம கெழமன்னு ஆரம்பிச்சான்னா, இவ்ளோ புத்தி இருக்குதே, இவனுக்கு என்னா கொறன்னு கேட்டுட்டா?"

கடைக்கார அம்மா சிரிக்கிறாள். அம்மா சிரிக்கவில்லை. இங்கே தெரிந்ததைக் காட்டினால் டீ. அங்கே தெரியாததைக் காட்டினால்தான் 6,000 ரூபாய். இரண்டு பரீட்சைக்கும் ஒரே பிள்ளையைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. டாக்டர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள், கிழமை சொல்வதற்கும் பஸ் டிக்கெட்டுக்குப் பாக்கி வாங்கத் தெரியாமல் இருப்பதற்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்பது அவர்களுக்குத் தெரியும் என்று சொல்லலாம்தான். நான் பார்க்க மட்டும்தான் வந்திருக்கிறேன், அவளும் என்னைக் கேட்கவில்லை.

கொட்டகைக்காரப் பெண்மணி டிவிஎஸ் எக்ஸெல்லில் இலைக்கட்டோடு வந்து நிற்கிறாள். இறங்காமலே அவனைக் கேட்கிறாள்.

"ரெண்டாங் கொட்டகையில நாலாஞ் ஜரம் எழுந்தது என்னிக்குடா?"

"வெள்ளிக்கெழம. மத்தியானம்."

"மொதக் கொட்டகை?"

"புதன்."

பட்டுப்புழு நான்கு தடவை தோலுரிக்கும். அதைத்தான் இந்தப் பக்கத்தில் ஜரம் என்கிறார்கள். அந்த ஒரு நாள் தின்னாது, அசையாது, தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். நாலாவது ஜரம் எழுந்ததும் ஒரு வாரத்துக்கு வெறிபிடித்த மாதிரி இலை தின்னும். வாரம் முடிந்ததும் பழுத்து மினுங்கும். உடனே, கூடு கட்டுகிற தட்டான சந்திரிகையில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் தவறினால் கண்ட இடத்தில் நூல் விட்டு வீணாகும். இரண்டு கொட்டகையில் இரண்டு வயதுப் புழு இருந்தால், எந்தக் கொட்டகைக்கு என்றைக்கு ஆள் சொல்வது என்பதில் குழப்பம் வரும். அவள் விரலை மடக்கிப் பார்க்கிறாள். "அப்ப வர்ற புதனுக்கு நாலாளு, வெள்ளிக்கு நாலாளு. நீயும் வரணும், தெரியுதா? இல எடுத்தார ஆள் பத்தாது." வண்டி போய்விடுகிறது. அவனுக்கு அவள் கூலி கொடுக்கிறாளா, எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. தெரியவில்லை.

அம்மா அவனைக் கூப்பிடுகிறாள். வரவில்லை. பஸ் வந்து போன பிறகுதான் வருவான் போலிருக்கிறது. அவள் நடந்துவிடுகிறாள்.

கடைசியாக ஒரு விவசாயி வருகிறார். கையில் மடித்த தாள், சட்டைப் பையில் பேனா. கௌண்டின்யா காட்டிலிருந்து இறங்கிய யானைகள் அவருடைய தக்காளித் தோட்டத்தை மிதித்துவிட்டன. நஷ்ட ஈட்டுக்கு ஃபாரஸ்ட் ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும், தேதி போட வேண்டும். அவருக்குத் தேதி தெரியவில்லை. அவனுக்கு முன்னால் நின்று, பெரிய மனிதரிடம் பேசுகிற குரலில் ஆரம்பிக்கிறார்.

"தம்பி, அன்னிக்கு ராத்திரி காத்தடிச்சு கரண்ட்டு போச்சில்ல, விடிய விடிய வரலியே. அது என்னா தேதி?"

விரல்கள் தட்டுகின்றன. "பதினேழு. சனிக்கெழம."

அவர் தாளைப் பெஞ்சில் வைத்து எழுதுகிறார். பையன் செல்போனை வெளியே எடுக்கப் போனவன், இதில் சரிபார்க்க ஒன்றும் இல்லை என்று கண்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொள்கிறான். எந்த ராத்திரி கரண்ட் போயிற்று என்பது போனில் இல்லை.

அப்போதுதான் அவன் ஷட்டரிலிருந்து பார்வையை எடுத்தான். ஆள் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் எழுதும் தாளைப் பார்த்தான்.

"எத்தன யான?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். விவசாயி பேனாவை நிறுத்தினார்.

"பதினொண்ணுன்றாங்கப்பா. நான் எங்க எண்ணுனேன், ஓடியே வந்துட்டேன்."

"குட்டி?"

"ரெண்டு இருந்துச்சு. அத மட்டும் பாத்தேன்" என்றார் அவர். தாளை மடிக்காமலே, எந்த வரப்பு வழியாக வந்தன, எந்தப் பக்கம் திரும்பின என்று சொல்லத் தொடங்கினார். குப்பம் போகும் பல்லெவெலுகு பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவர் ஏறவில்லை. நான் ஏறிக்கொண்டேன்.